கண் திறந்த மூடி

சோழிப்பட்டினத்துப் படகுகளுக்கெல்லாம் முன்னோடியாகக் கடலுக்குச் சென்றுவந்த அந்த மூடி கடலுக்கென்று செய்யப்பட்டதன்று. பீர் காய்ச்சும் ஒரு செப்புப் பாய்லரின் வாயை அடைப்பதற்கென்று செய்யப்பட்டது என்பதை, இன்று அதன்மேல் ஆணையிட்டுப் பேசுகிறவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போகிற அவசரத்தில் மறந்துவிட்டுப்போன குடையைப் போல வங்கக் கடலின் ஓரத்தில் சாய்ந்துகிடக்கிற ஊர் அது. கிழக்குத் தெருக்களில் மீனவர்கள் இருந்தார்கள். மேற்குத் தெருக்களில், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து உலகத்தின் பல மூலைகளில் காவல் நின்றுவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். இவர்களை ஊரார் சொல்தா என்பார்கள். திபூர்சியார் ஒரு சொல்தா. ஜிபுத்தியின் வெயிலிலும் தஹித்தியின் மழையிலும் நின்றவர்; கடைசியாக அல்சாஸ் பகுதியில் ஒரு பாசறையில் இருந்தபோது, பாசறைக்குப் பின்னால் குடியிருந்த கிழவரொருவரிடம் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டு, அந்த வித்தை ஒன்றையே தம் வாழ்நாளின் வெற்றியாகக் கருதி ஊருக்குக் கொண்டுவந்தவர்.

ஆனால் பாய்லர் அவருடையதன்று. அது அவர் மனைவி மதலேனுக்குத் தாய்வீட்டார் சீராகக் கொடுத்தது. அகன்ற வாயும் அடியில் விறகடுப்பும் கொண்டது. அதன் கழுத்தைச் சுற்றி அவள் பெயர் வெட்டப்பட்டிருந்தது. மணமாகி வந்த நாள்முதல் மதலேன் அதில் வெந்நீர் போட்டே குளித்தாள். கணவர் விடுப்பில் வரும்போதெல்லாம், கப்பல் தாமதித்தாலும் பின்னாளில் விமானம் தாமதித்தாலும், அவர் வாசற்படியில் கால் வைக்கும் நேரத்தில் வெந்நீர் காய்ந்திருக்கும். அவர் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அவள் கேட்டுவிடுவாள்: அந்த ஊர் எப்படி இருந்தது, வழியில் கடல் எப்படி இருந்தது? அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குளிச்சிட்டுச் சொல்றேன்" என்பார். குளித்தபின் பசிக்கும், உண்டபின் உறக்கம் வரும், உறங்கி எழுந்தால் சினேகிதர்கள் வந்து காத்திருப்பார்கள். இவ்வாறு சொல்லப்படாமலே போன கடல்கள் பல. மதலேனோ, கடற்கரைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், கணுக்காலுக்குமேல் கடலை அறியாதவள். ஒரு படகிலும் ஏறியதில்லை.

ஓய்வுபெற்று வந்த திபூர்சியார் முதற்காரியமாகப் பாய்லரைக் குளியலறையிலிருந்து பெயர்த்துக் கொல்லையில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். வெந்நீர் உடம்பைச் சோம்பேறியாக்கும் என்பது படைக்காரர்களின் கொள்கை என்று அவர் விளக்கினார். மதலேன் அன்றுமுதல் விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளித்தாள். முதற்குவளை தோளில் விழும்போது அவளிடமிருந்து எழும் கூக்குரல் மேற்குத் தெரு முழுவதும் கேட்டது. அது நேரந்தவறாத கூக்குரலாக இருந்தபடியால், தெருவார் அதைக் கேட்டுப் பால் காய்ச்சினார்கள். கோயில் மணியடிப்பவர் அதைக் கேட்டே கயிற்றைப் பிடித்தார்.

பீர் மட்டும் கைகூடவில்லை. சொல்தாக்கள் ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் நாள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கொடியேற்றி, ஒன்றாக உண்பது வழக்கம். சென்ற ஆண்டு அந்த விருந்தில் திபூர்சியார் தம் பீரைப் பரிமாறினார். படையில் கப்ராலாக இருந்த எமில் என்ற சகா, அவருடைய பழைய போட்டியாளர், ஒரு மடக்குக் குடித்துவிட்டு, குத்துவிளக்குத் தேய்த்த தண்ணீரை இவ்வளவு மரியாதையாகக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவானேன் என்று கேட்டு, மிச்சத்தைப் பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்தார். செடி மூன்றாம் நாள் இலையுதிர்த்தது. அந்தச் செடியைக் காட்டிக் காட்டி எமில் ஓராண்டு முழுவதும் சிரித்தார். அடுத்த ஜூலை பதினாலுக்குள் நல்ல பீர் கொடுக்கவில்லையென்றால் பதக்கங்களை எமிலின் காலடியில் வைத்துவிடுவதாகத் திபூர்சியார் எல்லார் முன்னிலையிலும் சபதம் செய்தார்.

குறை எங்கே என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பாய்லருக்கு மூடி இல்லை. அதன் பழைய செப்பு மூடி எந்தக் காலத்திலோ பேரீச்சம்பழக்காரனின் வண்டியேறிப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்து தின்னப்பட்டுவிட்டது. திறந்த வாயில் கடற்காற்று அடித்துக் கொதியை அடக்கியது. உப்பும் வேப்பம்பூவும் உள்ளே விழுந்தன. அல்சாஸ் கிழவரின் கொப்பரைக்கு மரமூடி இருந்தது. நடுவில் ஆவி போக விரற்கடைத் துளையொன்று இருந்தது. அத்தகைய மூடி வேண்டும் என்று கட்டில் செய்கிற தச்சரிடம் சொல்லிச் செய்வித்தார். அந்த மூடி முதற்கொதியிலேயே அப்பளம்போல் வளைந்து, தாள்தாளாக உரிந்தது. தண்ணீருக்கும் தணலுக்கும் அசையாமல் பலகையைப் பொருத்துகிறவர் ஊரில் ஒருவர்தாம் இருந்தார். அவர் படகு கட்டுகிற கலியபெருமாள் ஓடாவி.

ஓடாவி முதலில் மறுத்தார். கரையில் விசைப்படகொன்று பாதி விலாவோடு நின்றுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு மூடி செய்யப்போனால் கடலே சிரிக்கும் என்றார். திபூர்சியார் அவர் பட்டறையில் நாள்தோறும் வந்து உட்கார்ந்து அல்சாஸைப்பற்றிப் பேசத் தொடங்கியபின், பேச்சை நிறுத்துவதற்காக ஒப்புக்கொண்டார். இலுப்பைப் பலகையை எடுத்தார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூவே சர்க்கரை என்பார்களே, அந்தப் பூவிலிருந்து சாராயம் வடித்த ஊர் இது. ஆகையால் பீருக்கு இலுப்பை பொருந்தும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். துளையைப்பற்றித்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நடுவுல ஒரு துளை போடணும் ஓடாவி. வெரல் அளவு."

ஓடாவி உளியைக் கீழே வைத்தார். "எதுல?"

"மூடியிலதான்."

"எங்கப்பா செஞ்சது, நான் செஞ்சது, எதுலயும் ஓட்டை இருந்ததில்ல, சொல்தா ஐயா. ஓட்டை வேணும்னா அந்தக் கட்டில் தச்சர்கிட்டயே போங்க."

திபூர்சியார் அந்தப் பேச்சை அவ்வளவில் விட்டுவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே துளையிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஓடாவி பலகைகளை இணைத்து, இணைப்புகளில் பருத்திப் பஞ்சைத் திணித்து, ஈர்க்கு நுழையாதபடி அடைத்தார். அதன்பின், படகுக்குக் கண் திறப்பதுபோல், தம் கையால் முடிந்த எந்த மரத்துக்கும் செய்வதை இதற்கும் செய்தார். மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, விளிம்பின் ஒரு பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு கண்கள் எழுதித் திறந்துவைத்தார். தம் வீட்டு முக்காலிக்கும் அவர் இவ்வாறே கண் திறந்திருந்தார். அந்த முக்காலி தண்ணீரையோ ஆவியையோ கண்டதில்லை. ஆகையால் தான் இன்னதென்று அறியாமலே அடுக்களையில் காலங்கழித்துவந்தது.

மூடி அவ்வளவு அழகாக இருந்ததால் திபூர்சியாருக்குத் துளையிட மனம் வரவில்லை. முளைகட்டிக் காயவைத்து இடித்த பார்லியின் சாற்றைப் பாய்லரில் நிரப்பி, பிரான்சிலிருந்து மருமகன் அனுப்பிய, பீருக்கு மணமூட்டும் கசப்புப் பூவைத் தூவி, விடியலில் தீ மூட்டி, மூடியைப் பொருத்தினார். கொதி வந்தது. மூடி ஒருமுறை முனகியது. பிறகு பாய்லரைவிட்டு எழும்பி, கண்ணிருந்த பக்கத்தைக் கிழக்கே திருப்பி, வேப்பங்கிளையை ஒதுங்கிக் கடந்து, கோயில் கோபுரத்துக்கு வலப்புறமாகக் கடலை நோக்கிச் சென்றது. அது படகுகள் புறப்படுகிற நேரம்.

அண்டைவீட்டு ரெஜீனாள் சுவருக்குமேல் தலைநீட்டி, மூடி சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுமா என்று கேட்டாள். தெரியவில்லை என்று மதலேன் சொன்னாள். காயப்போட்ட துணிகளை அது தட்டாமல் போனது நல்லபுத்தி என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று திபூர்சியார் மனம்நொந்து தீயை அணைத்துவிட்டதால் மூடி வீட்டுக்கு வழி தெரியாமல் அலைந்தது. அடுத்த ஊரில் ஆயிஷா பீவியின் கடையில் இட்லிக் கொப்பரையின் ஆவியைக் கண்டு அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாள் இட்லியை வேகவைத்து எடுத்தபின், கண்ணில் உப்புப் படிந்திருக்கிறதே என்று துடைத்துவிட்டு, மினி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தாள். நடத்துநர் அதற்கு அரைச்சீட்டுப் போட்டார். அதன்பின் மூடி வெளியே போயிருக்கும் வேளையில் பாய்லரின் தீயை அணைப்பதில்லை என்பது வீட்டு வழக்கமாயிற்று. ஆவியைக் கண்டால் அது நண்பகலுக்குள் தவறாமல் திரும்பி, வந்த களைப்போடு பாய்லரின் வாயில் அமர்ந்தது. ஆனால் அதுவரை எரிந்த தீயில் சாறு பாதியாக வற்றிக் கெட்டுவிடும். நல்ல பீருக்கு ஒரு மணிநேரக் கொதி போதும். அதன்பின் தீ அணைந்து, சாறு பாய்லரிலேயே ஆறவேண்டும். அந்த ஒரு மணிநேரம் மூடி ஒருநாளும் நிலைக்கவில்லை.

திபூர்சியாரின் நட்டம் ஊருக்கு இலாபமாக இருந்தது. மூடி எந்த இடத்துக்குமேல் நின்று வட்டமிட்டதோ அந்த இடத்தில் வலையிறக்கினால் சங்கரா மீன் வலைகொள்ளாமல் ஏறியது. மீனவர் பஞ்சாயத்தின் தலைவரான நாட்டார், மூடியும் தொழிலுக்குப் போகிற படகுதான் என்று தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு பிடிப்பிலும் அதற்கு ஒரு பங்கு மீன் ஒதுக்கினார். பங்கு நாள்தோறும் கூடையில் வந்திறங்கியது. அதைச் செதில் நீக்கி அலசுகிற வேலை மதலேனுக்கு வந்தது. மீன்துறையிலிருந்து ஒருவர் வந்து, பதிவெண் இல்லாமல் ஓடுவது முறையன்று என்று சொல்லி, கண்களுக்குக் கீழே எண்ணெழுதிவிட்டுப் போனார். கோயில் பாதிரியார் அதை மந்திரித்தார். எந்தத் தெருவுக்குமேல் போனால் சுபம் என்பதுபற்றி இரண்டு தெருக்களுக்குள் சச்சரவு வந்தது. மூடி அதற்குப்பின் இரண்டு தெருவுக்கும் நடுவிலிருந்த சாக்கடைக்கு நேராகப் போய்வந்து பெருந்தன்மையைக் காட்டியது. எமில் மட்டும் கொல்லைச் சுவரோரம் வந்து நின்று, "என்ன திபூர்சியார், பீர் கடலுக்குப் போயிருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

திபூர்சியார் செய்யாததில்லை. அம்மிக்கல்லைத் தூக்கி மூடியின்மேல் வைத்தார். மூடி அதைச் சுமந்துபோய்க் கடலில் எறிந்தது. கயிற்றால் வேப்பமரத்தில் கட்டினார். மரம் வேரோடு முனகியதைக் கேட்டு அவரே கயிற்றை அறுத்துவிட்டார். துளையிடுவோம் என்று ஓர் இரவு துறப்பணத்தோடு அணுகினார். மூடி அவரைப் பார்த்தது. அவர் திரும்பிவந்து படுத்துக்கொண்டார். இப்படியே வைகாசியும் போயிற்று. கசப்புப் பூ ஒருமுறைக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. பீர் புளித்து அடங்க ஆகும் காலத்தைக் கழித்துப் பார்த்தால், காய்ச்சுவதற்குக் கடைசி நாள் ஜூன் இருபத்தொன்பது, பேதுருவின் திருநாள். அன்றும் மூடி பறந்தால் பதக்கங்கள் எமிலின் காலடிக்குப் போகவேண்டியதுதான்.

அவர் ஓடாவியிடம் போய் நின்றார். ஓடாவி சிறிதும் வியப்படையாமல், ஆளேறாத படகு ஆளைத் தேடித்தான் அலையும், யாராவது ஏறி உட்கார்ந்தால் அடங்கும் என்றார். திபூர்சியார் அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தாமே ஏறி உட்கார்ந்தார். மூடி அவரைச் சாம்பற்குழியில் கவிழ்த்தது. மீண்டும் ஏறினார், மீண்டும் சாம்பல். வேடிக்கை பார்த்த ஓடாவி பாய்லரின் கழுத்திலிருந்த எழுத்துகளைத் தடவிக்காட்டி, "படகு சொந்தக்காரங்களைத்தான் ஏத்தும், ஐயா" என்றார்.

மதலேன் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திபூர்சியார் சாம்பலோடு அவள் எதிரில் வந்து நின்றார்.

"மதலேன், ஒரு மணி நேரம் அதுமேல உட்கார்ந்தா போதும்."

"சொல்றீங்களா, கேக்குறீங்களா?"

அவர் சிறிது யோசித்தார். "கேக்குறேன்."

"பாய்லரைத் தூக்குனப்ப கேக்கல."

"இப்ப கேக்குறேன்."

மதலேன் கடைசி மீனையும் அலசிக் கூடையில் போட்டாள். "அப்ப உட்காருறேன்" என்றாள்.

பேதுருவின் திருநாளன்று விடியலில் கொல்லை நிறைய ஆட்கள் இருந்தார்கள். படகுகளுக்கு அன்று ஓய்வு. ஆகையால் மீனவர்களும் வந்திருந்தார்கள். சாறு கொதிக்கத் தொடங்கியதும் மூடி முனகியது. மதலேன் நாற்காலியில் கால்வைத்து ஏறப்போனபோது, ரெஜீனாள் அவள் கையைப் பிடித்து, செருப்போடு ஒருவரும் படகில் ஏறுவதில்லை என்று நினைவூட்டினாள். மதலேன் செருப்பைக் கழற்றித் திபூர்சியாரின் கையில் கொடுத்துவிட்டு மூடியின் நடுவில் சம்மணமிட்டு அமர்ந்தாள். மூடி முனகலை நிறுத்தியது. ஆவியின் சூடு இலுப்பைப் பலகை வழியாக அவள் முழங்கால்களில் ஏறியது. குளிர்ந்த நீர் இத்தனை காலமாக அங்கே சேர்த்துவைத்திருந்த வலி மெல்லக் கரைந்தது. பாய்லருக்குள் சாறு, அல்சாஸில் கேட்ட அதே தாழ்ந்த குரலில், சீராகக் கொதித்தது. அதன் மணத்தை முகர்ந்த எமில் எச்சிலை விழுங்கியதைப் பலரும் பார்த்தார்கள்.

ஒரு மணிநேரம் முடியும் தறுவாயில், திபூர்சியார் தீயை இழுத்து அணைப்பதற்காகக் குனிந்தபோது, மதலேன் கிழக்கே பார்த்தாள். மூடியும் கிழக்கே பார்த்தது. பிறகு இரண்டும் எழும்பின.

"மதலேன், இறங்கு" என்றார் அவர். அதற்குள் அவள் பாதங்கள் அவர் தலைக்குமேல் இருந்தன. "எங்க போற?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் அவள். வேப்பங்கிளைக்குக் குனிந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கோபுரத்துக்கு வலப்புறமாகக் கடந்து போய்விட்டாள். மீனவர்கள், படகு புறப்படும்போது செய்வதுபோல், கைகளைக் குவித்துக் குரல் கொடுத்தார்கள்.

திபூர்சியாரின் ஒரு கையில் செருப்பும் மற்றொரு கையில் நெருப்பை இழுக்கும் கம்பியும் இருந்தன. கொதி முடிந்துவிட்டது, இப்பொழுது தீயை அணைத்தால் பாய்லரில் இருப்பது பீர், அதுவும் எமிலின் வாயை அடைக்கிற பீர். எமிலே அதைச் சொன்னார்.

"அணைச்சிடு, திபூர்சியார். மணம் சரியா வந்திருக்கு. கெடுத்துடாதே."

திபூர்சியார் அவரைப் பார்த்தார். பாய்லரின் கழுத்திலிருந்த பெயரைப் பார்த்தார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு விறகை எடுத்து அடுப்பில் வைத்தார்.

நண்பகலுக்கு மூடி வரவில்லை. ஆளேறிய படகு தொலைவு போகும் என்று ஓடாவி சொன்னார். மாலையில் சாறு பாகாயிற்று. அதற்குமேல் அடிப்பிடித்து ஆவிக்குப் பதில் புகை வந்தது. புகையை நம்பி மூடி வராது. ஆகையால் அவர் பாகைச் சுரண்டி வாளியில் எடுத்துவைத்தார்; புளியும் சாம்பலும் போட்டுப் பாய்லரைத் துலக்கினார்; கிணற்றிலிருந்து நல்ல நீர் இறைத்து நிரப்பினார். எமில் போகாமல் நின்று, விறகை எடுத்தெடுத்துக் கொடுத்தார். அந்த வாளிப் பாகைத்தான் ஜூலை பதினாலில் சோடாவில் கலந்து பரிமாறினார்கள்; அது பீரன்று என்று எமில் தீர்ப்பளித்துவிட்டு இரண்டாம் குவளைக்குக் கைநீட்டினார்; பதக்கங்களைப்பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

இரவெல்லாம் பாய்லரின் ஆவி வேப்பமரத்துக்குமேல் நிமிர்ந்து நின்றது. திபூர்சியார் கீழே உட்கார்ந்திருந்தார். ஜிபுத்தியில் காவல் நின்றபோது கடலைப் பார்த்திருக்கிறார். கடலிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று பார்த்தது இதுவே முதல்முறை. அது வேறு வகையான காவல் என்று அவருக்குத் தெரிந்தது. கக்கத்தில் இடுக்கியிருந்த செருப்பைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

மறுநாள் விடியலில், தொழிலுக்குப் புறப்பட்ட படகுகளுக்கு எதிர்த்திசையில், மூடி வந்தது. கோபுரத்தைக் கடந்து, வேப்பங்கிளைக்குத் தாழ்ந்து, பாய்லரின் வாயில் சிறு ஓசையும் இல்லாமல் பொருந்தியது. மதலேன் காலைத் தொங்கவிட்டாள். திபூர்சியார் செருப்பை அவள் காலுக்கு நேராக வைத்தார். அவளுடைய முடியில் உப்புப் பூத்திருந்தது. மடியில் அம்மிக்கல்லும் இரண்டு சங்கரா மீன்களும் இருந்தன.

"வெந்நீர் இருக்கா?" என்று கேட்டாள்.

"காய்ஞ்சிருக்கு."

அவர் தாமே மொண்டு, குளிர்ந்த நீர் கலந்து, விரலை விட்டுச் சூடு பார்த்து, குளியலறை வரை வாளியைச் சுமந்துபோனார். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"கடல் எப்படி இருந்தது, மதலேன்? அங்க என்ன பாத்தே?"

மதலேன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குளிச்சிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்று காலை குளியலறையிலிருந்து கூக்குரல் எழவில்லை. மேற்குத் தெருவில் பால் காயவில்லை; மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திபூர்சியார் சாத்திய கதவுக்கு வெளியே, உள்ளே தண்ணீர் விழுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு, அது எப்பொழுது நிற்கும் என்று காத்திருந்தார்.